பக்கத்து ஜன்னல்காரரின் பாப்பா

மாமியார் முன்னால் வாயை விட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"நீங்க நிம்மதியா ஊருக்குப் போங்க அத்தை. இவளும் அடுத்த வாரம் திங்கக்கிழமைல இருந்து வேலைக்குப் போகட்டும். எனக்கு மத்தியான ஷிஃப்ட்தானே? இவ அரைநாள் வேலை முடிச்சுத் திரும்பி வர்ற வரைக்கும் குழந்தையை நான் பாத்துக்கறேன். இதுல என்ன இருக்கு?"

மாமியார் மருமகனை மேலும் கீழும் பார்த்தார். தண்ணீரில் நனைத்தால் சாயம் போகுமா என்று துணியைப் பார்க்கிற பார்வை.

"சரிங்க மாப்பிள்ளை" என்றார். அந்தச் சரியில் ஒன்றும் சரியாக இல்லை. "முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டு பேரையும் நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு மாமியார் கிளம்பிவிட்டார். அவர் தலை தெருமுனையில் மறைந்த பிறகுதான் மருமகன் திரும்பிக் குழந்தையைப் பார்த்தார்.

விஷயம் என்னவென்றால், குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் அவர் அதைத் தானாக ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்காருவார். இரண்டு முழங்கைக்கும் கீழே ஒவ்வொரு தலையணை. யாராவது குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைப்பார்கள். பரிசுக்கோப்பை வாங்கியவர் போல அசையாமல் இருப்பார். குழந்தை அழும். யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மூச்சே விடுவார்.

குழந்தை உருண்டையாக, சின்னதாக, பளிச்சென்று இருக்கிறாள் என்று மனைவி அவளுக்குப் பொத்தான் என்று செல்லப்பெயர் வைத்திருந்தாள். அவள் தையல்காரி. அவளுக்கு அப்படித்தான் தோன்றும். இவருக்கு அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து, எங்கே கழன்று விழுந்துவிடுமோ என்று பயம்.

தெரியவில்லை என்றால் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். அதுதான் முடியாது. அவர் பார்க்கிற வேலை அப்படி. பெரிய பேருந்து நிலையத்தில் 'விசாரணை' என்று பலகை மாட்டிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். தெருவில்கூட அவரை விசாரணைக்காரர் என்றால்தான் தெரியும். எந்த வண்டி எங்கே நிற்கும், எது நேரத்துக்கு வரும், எது வந்தால்தான் நிச்சயம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. 'தெரியாது' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. அப்படிப்பட்டவர் மனைவியிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா? போலீஸ்காரர் வீட்டிலேயே பூட்டை உடைத்த மாதிரி அல்லவா ஆகிவிடும்?

கல்யாணமான புதிதில் ஜன்னல் கதைகளை மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "கூச்சப்படற கேள்வியை எவனும் தனக்குன்னு கேக்க மாட்டான் தெரியுமா? எல்லாம் ஃப்ரெண்டுக்காகத்தான். கழிப்பறை எங்கேன்னுகூட ஃப்ரெண்டுக்காகக் கேட்பான். வழியைச் சொன்னா, ஃப்ரெண்டை விட்டுட்டு அவன் மட்டும் ஓடுவான்."

மனைவி புரையேறச் சிரிப்பாள். அவளுக்கு எதையும் மறக்கிற பழக்கம் கிடையாது. அதை அவர் மறந்துவிட்டார்.

மறுநாள் அவள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"எங்க ஆபீஸ்ல பக்கத்து ஜன்னல்காரர் இருக்காரே."

"டிக்கெட் குடுக்கறவரா?"

"அவரேதான். அவருக்குப் பாப்பா பொறந்திருக்கு."

"அப்படியா? சொல்லவே இல்லையே நீங்க."

"இப்பதான் அவரே சொன்னார். கூச்ச சுபாவம். பாவம், ஒரு சந்தேகம் கேட்டார். பாப்பாவோட உச்சந்தலையில ஒரு இடம் மெத்துனு இருக்காம். துடிக்குதாம். அது அப்படித்தான் இருக்குமா, இல்ல எங்கயாவது சரியா மூடாம விட்டுட்டாங்களான்னு…"

மனைவி ஒரு துணியை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து உதறினாள். சின்னத் துணிதான். ஆனாலும் ரொம்ப நேரம் உதறினாள்.

"எத்தனை மாசமாம்?"

"மூணு."

"நம்ம பொத்தான் வயசு."

"ஆமா. அச்சு அசல்."

"அதுக்கு உச்சிக்குழின்னு பேரு. எல்லாக் குழந்தைக்கும் இருக்கும். எலும்பு வளர வளரத் தானா மூடிக்கும். அழுத்தாமத் தொடலாம், துவட்டலாம், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க." கொஞ்சம் யோசித்தாள். "வெறும் வாயால சொன்னா அவருக்குப் புரியாது. ஒருதரம் தொட்டுப் பாத்துட்டுப் போய்ச் சொல்லுங்க."

"நானா?"

"பின்ன, அவரா வந்து நம்ம குழந்தையைத் தொடுவார்?"

நியாயமாகத்தான் இருந்தது. இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று பார்ப்பது போல ஒரு விரலை நீட்டினார். விரலுக்கடியில் லேசாகத் துடித்தது. யாரோ உள்ளே இருந்துகொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி. விரலை எடுக்க மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பக்கத்து ஜன்னல்காரருக்குச் சந்தேகத்துக்குப் பஞ்சமே இல்லை. பாப்பாவுக்கு விக்கல் வந்தால் என்ன செய்வது? தும்மினால் ஜலதோஷமா? நகத்தை எப்போது வெட்டுவது, அதுவும் சதை எங்கே முடிகிறது, நகம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாதபோது? தூக்கத்தில் சிரிக்கிறதே, யாரைப் பார்த்து?

ஒவ்வொன்றுக்கும் மனைவி அலுக்காமல் பதில் சொன்னாள். ஒவ்வொன்றையும் செய்தும் பார்க்க வைத்தாள். குளிப்பாட்டுவதை மட்டும் வாயால் சொன்னதோடு விட்டுவைத்தாள்.

"தோள்ல போட்டு முதுகைத் தட்டினா ஏப்பம் வரும்னு சொல்லுங்க. எங்கே, தட்டுங்க பாப்போம். அட, அது முதுகுங்க, முள்ளு இல்ல. நீங்க இப்படித் தட்டினா அவரும் இப்படித்தான் தட்டுவார். அந்தக் குழந்தைக்கு எப்ப ஏப்பம் வர்றது?"

அடுத்தவர் குழந்தையின் ஏப்பத்துக்காக அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார்.

"எனக்கு அந்த அண்ணனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்றாள் மனைவி ஒருநாள். "தெரியாததைத் தெரியலைன்னு கேக்கறார். சில பேர் மாதிரி இல்ல."

விசாரணைக்காரருக்குச் சுருக்கென்றது. தானே உண்டாக்கிய ஆள் மேல் தனக்கே பொறாமை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு நாள் ஒரு சின்னச் சட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். மஞ்சள் துணி. உள்ளங்கைக்குள் அடங்குகிற கை. கழுத்தில் ஒரே ஒரு பச்சைப் பொத்தான்.

"அவர் பாப்பாவுக்குத் தைச்சேன். குடுத்துடுங்க."

வாங்கிப்போய் ஆபீஸ் மேசை டிராயரில், பழைய கால அட்டவணைக்குக் கீழே ஒளித்து வைத்தார். கூட்டம் குறைந்த நேரத்தில் டிராயரைத் திறந்து பார்ப்பார். மூடிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறப்பார்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவரைக் குடும்பத்தோட சாப்பிட வரச் சொல்லுங்க. மறுநாள் நான் வேலைக்குப் போயிட்டா அப்புறம் எங்கே நேரம்?" என்றாள் மனைவி.

பக்கத்து ஜன்னலில் ஓர் ஆள் இருப்பது உண்மைதான். ஆனால் அவர் ஒண்டிக்கட்டை. இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெறப்போகிறவர். குழந்தை என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: அரை டிக்கெட்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஒருநாள் மட்டும் நீங்க அப்பாவா இருக்கணும்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. சும்மா அப்பாவா இருந்தாப் போதும். பொண் குழந்தை. மூணு மாசம்."

"அப்ப என் சம்சாரம்?"

"அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க."

பக்கத்து ஜன்னல்காரர் முகம் வாடியது. "ஏன், எதுவும் சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்லண்ணே. குழந்தையைக் காட்டப் போயிருக்காங்க."

"அப்பாடா" என்றார் அவர். "சாப்பாடு உண்டுதானே?"

ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பாக்கெட்டும் துவைத்த சட்டையுமாக வந்து சேர்ந்தார். மனைவி வாய் நிறைய வரவேற்றாள்.

"வாங்கண்ணா. பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லாப் படிக்கறாம்மா."

விசாரணைக்காரர் அவர் காலை மிதித்தார்.

"படிப்பாம்மா. பெரியவளானதும்."

"பல்லு எதுவும் எட்டிப் பாக்குதா?"

"எல்லாம் இருக்கும்மா. கடவாய்ப் பல்லு ஒண்ணு மட்டும் ஆடுது."

"நல்ல வளர்த்திதான்" என்றாள் மனைவி. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "அண்ணா, குழந்தையை எப்படிக் குளிப்பாட்டறதுன்னு கேட்டிருந்தீங்களாம்."

"நானா?" அவர் காலைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டார். "ஆமா, நான்தான்."

"இவர் காட்டுவார் பாருங்க. உங்களுக்கு எல்லாம் சொல்லித் தர்றது இவர்தானே. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சமையலறைக்குள் போய்விட்டாள். தொட்டியும் வெந்நீரும் துண்டும் முன்பே தயாராக இருந்தன. நடுவில் பொத்தான் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள்.

விசாரணைக்காரர் தொட்டியைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஜன்னல்காரர் தொட்டிக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில், ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி எவ்வளவு சூடு இருக்கணும்?"

கேள்வி என்று ஒன்று வந்தால் பதில் சொல்லித்தானே அவருக்குப் பழக்கம். "முழங்கையை விட்டுப் பாக்கணும் அண்ணே. உள்ளங்கையை நம்பக் கூடாது, தடிச்ச தோலு" என்றார். சொன்னவர் கை, சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியது.

"எங்கே பிடிக்கிறது?"

"ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் அடியில. இப்படி. தலை எப்பவும் நம்ம கைலயே இருக்கணும்."

"வழுக்காதா?"

"வழுக்கும். அதுக்குத்தான் அக்குள் பக்கம் விரலைக் கொடுத்துக்கறது. அவசரப்படக் கூடாது. வண்டி எங்கேயும் போயிடாது."

பொத்தான் தண்ணீரை ஓங்கி ஓர் உதை உதைத்தாள். பக்கத்து ஜன்னல்காரரின் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அவர் துடைக்காமல் சிரித்தார். குழந்தையும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

துண்டில் சுற்றித் தூக்கிய பிறகுதான் விசாரணைக்காரருக்கே உறைத்தது. நின்றுகொண்டிருக்கிறார். முதுகுக்குச் சுவர் இல்லை. முழங்கைக்குத் தலையணை இல்லை. குழந்தை மட்டும் இருக்கிறாள்.

அடுப்பில் வேலை இருப்பதாகச் சொன்னவளிடமிருந்து ஒரு பாத்திரச் சத்தம்கூட இத்தனை நேரமும் வரவில்லை. இப்போதுதான் ஒரு கரண்டி, எதற்கும் இருக்கட்டும் என்று, டங்கென்று விழுந்தது.

விருந்தாளி வயிறார உண்டு கிளம்பினார். போகும்போது, "என் பொண்ணை நல்லாப் பாத்துக்கறேம்மா" என்று மனமுருகிச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மனைவி மறுநாளைக்கு எடுத்துப்போகும் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் இன்னொண்ணும் கேட்டார்" என்றார் விசாரணைக்காரர், ரொம்ப நேரம் கழித்து. "கேக்க வெக்கமா இருக்குன்னார்."

"என்னவாம்?"

"மத்தவங்க தூக்கினாச் சும்மா இருக்காளாம். இவர் தூக்கினா மட்டும் அழறாளாம். அதான்… பாப்பாவுக்கு அவரைப் பிடிக்கலையோன்னு."

இந்தத் தடவை மனைவி எதையும் முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட இதைச் சொல்லுங்க. பயந்துட்டே தூக்கினா அந்தப் பயம் கைல தெரியும். அதுக்குத்தான் அழறா. ஆனா அவர் ஆபீஸ்ல இருந்து வந்து வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டா, பாப்பா காலை உதைக்கறதை நிறுத்திட்டுக் காது குடுக்கறா. வேற யார் செருப்புக்கும் அப்படி இல்ல. தினமும் நான் பாக்கறேன்."

"அவர் பாப்பாவை நீ எங்கே பாத்தே?" என்று கேட்டிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்தவருக்கு அது தோன்றவே இல்லை. தூங்குகிறவளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லிடறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை. பாலைப் புட்டியில் எடுத்து வைத்தாயிற்று. துணி அடுக்கியாயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவி வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். செருப்பை மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"ஏங்க, எங்க தையல் கூடத்துல ஒருத்தி ஒரு சந்தேகம் கேட்டா."

"கேளு, சொல்றேன்." குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவராக நிமிர்ந்தார்.

"குழந்தையை விட்டுட்டு வேலைக்குப் போனா, அது அம்மாவை மறந்துடுமான்னு."

"அவங்ககிட்ட சொல்லு…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மனைவி கதவின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் ஓரம் பளபளத்தது.

"குழந்தைக்கு என்ன வயசாம்?"

"மூணு மாசம்."

"நம்ம பொத்தான் மாதிரியா?"

"அச்சு அசல்."

விசாரணைக்காரர் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். ஃப்ரெண்டுக்காகக் கேட்பவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவர். வரிசையில் தன் வீட்டுக்காரியும் நிற்பாள் என்று நினைக்கவில்லை.

"அவகிட்ட இதைச் சொல்லு. அவ செருப்புச் சத்தத்துக்கும் காது குடுக்க ஆள் இருக்கு. மத்தியானம் அவ படியேறும்போது கதவுக்கு இந்தப் பக்கம் ரெண்டு பேரு காலை ஆட்டாமக் காத்துட்டு இருப்பாங்க."

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். இரண்டு படி இறங்கினாள்.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. 'ஃப்ரெண்டுக்காக' என்று அவளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது யார்?

"அப்ப உனக்கு முதல் நாளே…"

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல எங்கே ஒளிச்சு வெச்சிருந்தாலும் அந்த மஞ்சள் சட்டையை இன்னிக்கு எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். "பொத்தான் அளவுக்குத்தான் தைச்சேன். அவ வளர்றதுக்குள்ள போட்டுப் பாத்துடணும்."