ஐந்து இலாகா வேனும் முனியாண்டி கிடாவும்

அன்புள்ள மகேந்திரன் மாமாவுக்கு,

தம்பின் ஊர்த் தோட்டத்திலிருந்து உங்கள் அக்காள் மகன் தர்மேந்திரன் வணங்கி எழுதுவது. அத்தை சுகமா, லாரி சுகமா? வாட்ஸ்அப்பில் எழுதினால் அரசாங்கம் படித்துவிடும் என்று அம்மாவுக்குச் சந்தேகம். அதனால்தான் தாள், தபால்தலை எல்லாம்.

நேற்று நம் லயத்து வீடுகளுக்கு ஒரு வேன் வந்தது. மனுச டாக்டர், ஆட்டு டாக்டர், கொசு ஆள், வௌவால் ஆள், நாம் என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்பதற்கென்றே ஒருத்தர், ஆக ஐந்து இலாகா ஒன்றாக இறங்கியது. மிருகத்திடமிருந்து மனிதனுக்குத் தாவும் நோயை முளையிலேயே பிடிக்க, சேர்ந்து வேலை செய்யப் பழகுகிறார்களாம். மாமா, நம் சாக்கடை அடைத்தபோது ஒரு இலாகா இன்னொன்றைக் காட்டியது, அது தோட்டத்தைக் காட்டியது, தோட்டம் வானத்தைக் காட்டியது. அப்படிப்பட்டவர்கள் ஒரே ஏர்கான் வேனில் உட்கார்ந்து வந்தால் சந்தேகம் வராதா? தோட்டத்தில் ஆள்களை மேய்த்த பழைய மண்டோர் வீரமுத்து வேறு, “நிப்பா காய்ச்சல் வந்தப்பவும் இப்படித்தான்லா. மொதல்ல பன்னிகள எண்ணுனாங்க, அப்புறம் குழி வெட்டுனாங்க” என்று கிளப்பிவிட்டார்.

ஆடுகளுக்கு ரத்தம் எடுப்பார்கள் என்றதும் அம்மா நம் கிடாவிடம் ஓடினார். அப்பா மோட்டார் விபத்தில் பிழைத்ததற்காக முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. அடுத்த மாதம் பூசை. உடம்பில் கீறல் விழுந்தால் சாமி ஏற்காது. ஊசி ஓட்டையும் ஓட்டைதானே? கிடாவை என் அறையில் அடைத்தோம். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்காவிடம், “சேவலுக்கும் ஊசியாம்க்கா, பெரிய ஊசி” என்றேன். அவ்வளவுதான், லயம் முழுக்க ஆடு கட்டிலடியில், கோழி குளியலறையில். கொட்டகையெல்லாம் காலி, புழுக்கை மட்டும் புத்தம் புதுசு. ஆட்டு டாக்டர் வெளுத்துப்போனார். எல்லாம் ஒரே நாளில் செத்து, நாம் ரகசியமாகப் புதைத்துவிட்டோம் என்று அவர்களுக்குச் சந்தேகம். வெள்ளை உடுப்போடு இரண்டாவது வேனும் வந்துவிட்டது.

மனுச டாக்டர் நிரஞ்சனா நம் வீட்டு வாசலுக்கு வந்து, “ஆன்ட்டி, உங்க ஆடு எங்க?” என்றார்.

“எங்ககிட்ட ஏதும்மா ஆடு?” என்று அம்மா சொல்லி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து “மே” என்று சத்தம்.

“நான்தான் டாக்டர், இருமல்” என்று ஓடினேன்.

“எங்க, இன்னொரு தரம் இருமு.”

முடிந்தவரை ஆடாக இருமினேன். நெற்றியைத் தொட்டவர், “சுடுதே” என்றார். கிடாவோடு அடைந்து கிடந்த சூடு என்று சொல்ல முடியுமா? இரண்டு நாளாகக் கால் வலி இருந்தது உண்மைதான். சொன்னால், “ஸ்கூலுக்கு மட்டம் போட இது ஒரு வித்தையாடா” என்பார் அம்மா. கிடாவுக்கு வந்த ஊசி எனக்கு ஏறி ரத்தம் எடுத்தது. ஐந்து இலாகாவும் என்னைச் சுற்றி நின்று, எந்தப் பழம் தின்றாய், எந்தத் தண்ணீரில் இறங்கினாய் என்று குடைந்தது.

திங்கட்கிழமை மறுபடி வருவார்களாம். ஞாயிறே லாரியோடு வந்து கிடாவை உங்கள் அம்பாங்கான் வீட்டுக்குக் கடத்துங்கள். அக்கம்பக்கத்தார் கேட்டால் நாய் என்று சொல்லலாம். அத்தையிடம் இப்போதைக்கு மூச்சு விட வேண்டாம்.

முனியாண்டி உங்கள் டயர்களையும் அத்தையிடமிருந்து உங்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
ரத்தம் சிந்திய மருமகன்
தர்மேந்திரன்

பி.கு.: லாரி வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் டாக்டர் நிரஞ்சனா ஆட்டு டாக்டரோடு வந்துவிட்டார். ரத்தத்தைச் சோதித்ததில் எனக்கு எலிக்காய்ச்சலாம், விட்டிருந்தால் கிட்னியைத் தின்றிருக்குமாம். மாத்திரை கொடுத்து, ஆடுகளுக்கும் இருக்கலாம் என்றார். அம்மா கிடாவை இழுத்துவந்து ஆட்டு டாக்டர் முன்னால் நிறுத்தி, “எடுங்க சார், சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். அதைப் பார்த்து லயமே கதவைத் திறந்தது. ஊசி ஏறிய கிடா இனிப் பூசைக்கு ஆகாது. அதற்கு உயிர் மிச்சம். எனக்கும்தான் என்கிறார் டாக்டர்.