ஒரே கிளிக்கில் திருவாரூர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு ரகம், வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று இப்போது பெருகிவருகிறது. இரண்டு நிமிட வேலையைத் தானாக நடக்கவைக்க இரண்டு நாள் லீவு போட்டு உழைக்கிறவர்கள் இவர்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் கம்ப்யூட்டரில் எதையாவது செய்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "இதையா கையால பண்றீங்க?" என்று பரிதாபமாகக் கேட்பார். அவர்தான்.

வேங்கிக்கால் புது மனைப்பிரிவில் குடியிருக்கும் அறிவுச்செல்வன் இந்த ரகத்தில் முதல் தரம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பைக் ஷோரூமில் கணக்கு எழுதுகிறவர். 'புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு' என்று யூடியூபில் ஓடிய ஒரு பாடத்தை முக்கால்வாசி பார்த்து ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டார். ஸ்கிரிப்ட் என்றதும் மலைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைத் திற, அந்தக் கட்டத்தில் பெயரைப் போடு, கீழே இருக்கும் பொத்தானை அழுத்து என்று பிரவுசருக்கு எழுதிக்கொடுக்கும் நாலு வரி உத்தரவு, அவ்வளவுதான். சொன்னதைச் செய்யும். சொன்னதை மட்டும்தான் செய்யும். இந்த இரண்டாவது விஷயம் பாடத்தின் கடைசிக் கால்வாசியில் இருந்தது.

அன்று முதல் அவர் வீட்டில் எதுவும் கையால் நடப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்டு பில்லைத் தினமும் காலையில் ஒரு ஸ்கிரிப்ட் போய்ப் பார்த்து இன்னும் வரவில்லை என்று அறிவிக்கும்; இன்னொன்று வானிலைப் பக்கத்தைத் திறந்து இன்று மழை இல்லை என்று சொல்லும்போது மாடியில் துணி நனைந்துகொண்டிருக்கும்; மூன்றாவது, எட்டு மாதக் குழந்தை ஆர்த்திக்காக மணிக்கு ஒருதரம் லேப்டாப்பில் தாலாட்டுப் பாட்டை ஓடவிட்டு, நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அறிவுச்செல்வன் சுமைகூலியை மட்டும் கொடுப்பார். சுண்டைக்காய் வீடு வந்து சேராது.

சுற்றிப் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. மலையைச் சுற்றி நடந்தே புண்ணியம் தேடுகிற ஊர். ஆனால் அவர்கள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். இவர் வருவதில்லை, அதுதான் வித்தியாசம்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும், அவர் மனைவி கவிநிலா அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால்.

கவிநிலா நர்சிங் படித்தவள். கல்யாணம், பிரசவம் என்று தள்ளிப்போன அரசு வேலைத் தேர்வை இந்தத் தடவை எழுதியே தீருவது என்று, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே படித்தாள். அவளுக்கு ஒரே கவலை, தேர்வு மையம். குழந்தை இன்னும் தாய்ப்பாலை விடவில்லை. உள்ளூரில் இடம் கிடைத்தால் காலைத் தேர்வுக்கும் மாலைத் தேர்வுக்கும் நடுவில், கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் அம்மா வெள்ளையம்மாள் பிள்ளையைப் பாலுக்குத் தூக்கிவந்துவிடுவாள். முதலில் வருகிறவர்களுக்கே உள்ளூர். காலை பத்து மணிக்கு இணையதளம் திறக்கும். பட்டியலில் ஊரைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்த வேண்டும்.

"பத்து மணிக்கு நானே போன்ல போட்டுக்கிறேங்க" என்றாள் கவிநிலா.

"பௌர்ணமிம்மா நாளைக்கு. ஊர்ல ஜனம் ஜாஸ்தி, நெட்டு இழுக்கும். நீ பேரு டைப் பண்றதுக்குள்ள சீட்டு போயிடும். நான் ஸ்கிரிப்ட் போட்டு வச்சிட்டேன். ஒரே கிளிக்."

"ஊரு பேரு கரெக்டா எடுக்குமா?"

"அதுக்கு ஊரு பேரே தேவையில்ல. இன்னிக்கே போட்டிருக்கிற ஊர்ப் பட்டியல்ல எத்தனாவதுனு சொல்லியிருக்கேன். மின்னல் மாதிரி போய் எடுத்துடும்."

மறுநாள் பத்து மணிக்கு மின்னல் போயிற்று. பெயரை நிரப்பியது, ஊரை எடுத்தது, 'மேற்கண்ட விவரங்களைப் படித்துச் சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் கவிநிலாவின் சார்பில் டிக் அடித்தது, பொத்தானையும் அழுத்தியது. அறிவுச்செல்வன் காபி டம்ளரை எடுத்து வாயில் வைப்பதற்குள் வேலை முடிந்தது. அவர் வாழ்க்கையில் அவர் எழுதியது ஒன்று சொன்ன நேரத்தில் வேலை செய்தது அன்றுதான்.

கவிநிலா திரையைப் பார்த்தாள். "ஏங்க, திருவாரூர்னு இருக்கு."

ஒன்றுமில்லை, முந்தின நாள் பட்டியலில் மேலே இருந்த ஏதோ ஓர் ஊரைக் காலையில் எடுத்துவிட்டிருக்கிறார்கள். ரேஷன் வரிசையில் ஒருவர் விலகினால் எல்லாரும் ஓரடி முன்னால் நகர்வதைப் போல ஊர்கள் நகர்ந்துவிட்டன. திருவண்ணாமலை இருந்த இடத்தில் திருவாரூர் வந்து நின்றது. ஸ்கிரிப்ட் ஆளைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தது. கீழே சிவப்பு எழுத்தில், ஒருமுறை சமர்ப்பித்தால் மாற்ற இயலாது என்று இருந்தது. அறிவுச்செல்வன் பக்கத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. காபி ஆறிப்போனது. கவிநிலா திருவாரூருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று போனில் தேட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

திட்டியது மாமியார் வெள்ளையம்மாள், போனில். "நெனச்சா முக்தி நம்ம ஊருலயே கெடைக்குமே மாப்ள. பொறந்தாத்தான் முக்தினு சொல்ற ஊருக்கு எதுக்கு அனுப்பினீங்க?"

அறிவுச்செல்வன் போனைக் கவிநிலாவிடம் கொடுத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனார்.

தேர்வுக்கு முந்தின நாளே மூன்று பேரும் புறப்பட்டார்கள். விழுப்புரத்தில் ஒரு பஸ், சிதம்பரத்தில் ஒரு பஸ், வழியெல்லாம் குழந்தையின் அழுகை. கவிநிலா ஒரு கையில் புத்தகத்தையும் ஒரு கையில் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு வந்தாள். காலையில் தேர்வு மையத்து வாசலில் பிள்ளையைக் கணவன் கையில் கொடுத்து, "அழுதா தோள்ல போட்டு நடங்க. நின்னா எழுந்துடுவா" என்று சொல்லி உள்ளே போனாள்.

மணி அடித்ததும் ஆர்த்தியும் ஆரம்பித்தாள். அறிவுச்செல்வன் போனை எடுத்துத் தாலாட்டைப் போட்டார். அழுகை இரண்டு மடங்கானது. அந்தப் பாட்டுக்கும் தூக்கம் கெடுவதற்கும் உள்ள உறவு அவளுக்குத் தெரியாதா? போனை அணைத்துவிட்டுத் தானே பாடினார். ஒரு வரிதான் தெரிந்தது. அந்த ஒரு வரியையே பாடிக்கொண்டு, வாசல் வேப்பமரத்திலிருந்து சைக்கிள் நிறுத்தம் வரை நடந்தார், திரும்பினார், அதே வரி, அதே நடை, மறுபடி மரம், மறுபடி சைக்கிள் நிறுத்தம். திரும்பத் திரும்ப ஒரே வேலையை மனிதன் செய்யக் கூடாது என்று தெருவுக்கே பாடம் எடுத்தவர், தேர்வு முடிகிற வரை வேறு எதுவும் செய்யவில்லை. ஆர்த்தி தூங்கிப்போனாள்.

நடுவில் ஒருதரம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போன கவிநிலா, மாலைத் தேர்வையும் முடித்து வெளியே வந்தபோது அவர் சட்டை தோளெல்லாம் எச்சிலாக இருந்தது. "நல்லா எழுதினேன்" என்றாள், முகம் தெளிந்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"அடுத்த தடவ எத்தனாவதுனு போட மாட்டேன். ஊரு பேர வச்சே தேடச் சொல்லிடுறேன்" என்றார்.

"அடுத்த தடவ நானே பண்ணிக்கிறேன். நீங்க கம்முனு புள்ளயத் தூக்குங்க. அது உங்களுக்கு நல்லா வருது."

அறிவுச்செல்வனைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். உங்களுக்கு அந்த வியாதி இல்லை, சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சின்னக் கதையை முழுசாகப் படிக்க வேண்டுமா, யாரிடமாவது கொடுத்து நாலு வரியில் சுருக்கித் தரச் சொல்லலாமா என்று நடுவில் உங்கள் விரல் எங்கேயோ போய்வந்ததே, அது எந்த ஊருக்கு?