மேகலா இன்னும் பஸ் ஏறவில்லை

"ஏன்னா, மேகலா இன்னும் அந்த கேட்லதான் நிக்கறாளா?" சமையலறையிலிருந்து ஸ்ரீரஞ்சனி கேட்டாள்.

"நிக்கறா," என்றார் கிருஷ்ணபிரசாத், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒரு மாசமா நிக்கறா. பாவம், கால் கடுக்காதோ?"

மேகலா அவருடைய தொடர்கதையின் நாயகி. கதைச் செயலி ஒன்றில் வாரம் மூன்று அத்தியாயம். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கிளம்பி, அப்பா சொல்லும் மாப்பிள்ளையை உதறிவிட்டு, காதலனிடம் போய்ச் சேர வேண்டியவள். கிருஷ்ணபிரசாத்தோ கல்பாத்திக்காரர், பாலக்காட்டில் காப்பீட்டு அலுவலக மேலாளர். பீர்மேட்டைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் மட்டுமே பார்த்தவர். ஆனால் நன்றாகப் பார்த்தவர். லயத்துக் கூரையில் எத்தனை தகரம் என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற இணைய எழுத்துப் பட்டறையில் அவர் கற்ற பாடம் இது: இடம் என்பது பின்னணி அல்ல, பாத்திரம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை இடமே சொல்லும்.

இடம் சொல்லத்தான் செய்தது, 'மலைமகன்' என்ற வாசகரின் வாயிலாக.

மேகலாவை முதலில் மூன்றேகால் மணி பஸ்ஸில் ஏற்றினார். உடனே பின்னூட்டம் வந்தது: "சார், நான் இந்த ஊர்க்காரன். அந்த வளைவுல பஸ் நிக்காது." நாற்பது பேர் அதற்கு விருப்பக்குறி போட்டார்கள். அத்தியாயத்தை அழித்துவிட்டு ஜீப்பில் ஏற்றினார்.

"மூணு மணிக்கு மேல மூடுபனி சார். ஜீப்பு எடுக்க மாட்டாங்க."

தேயிலைக்காட்டு வழியே நடக்கவிட்டார்.

"அது யானை எறங்குற தடம் சார். புள்ள செத்துப்போகும்."

காதலனையே பைக்கில் மேலே வரவழைத்தார்.

"போன மழைக்கு ரோடு இடிஞ்சு கெடக்கு சார்."

மேகலா தோட்டத்து கேட்டுக்கே திரும்பினாள். அடுத்த மூன்று அத்தியாயங்களுக்கு மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'இங்கே நிலமே பேசுகிறது' என்று கிருஷ்ணபிரசாத் ஒரு குறிப்பு எழுதினார். பதினோராயிரம் வாசகர்கள் நானூறு ஆனார்கள். மீதியுள்ளவர்களும் அவளுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லித்தான் எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கதை முடியாவிட்டால் செயலியின் போட்டியிலிருந்து அதைத் தூக்கிவிடுவார்கள். பதினோரு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய மனிதருக்கு ஐம்பத்து மூன்று வயதில் வாய்த்த ஒரே நாவல்.

"அவளைத் தள்ளியாவது பஸ்ல ஏத்திடுங்கோ," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "யாரு வந்து பாக்கப் போறா?"

"மலைமகன் பாப்பான். எழுத்துன்னா சத்தியம் வேணும், கேட்டியா."

"சத்தியம் வேணும்னா அங்க போய்ன்னா பாக்கணும்."

கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் லீவு போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ரயிலேறி, கோட்டயத்தில் பஸ் பிடித்து, மலைப்பாதையில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, மதியம் இரண்டரைக்கு அந்த வளைவில் இறங்கினார். இறங்கிய பிறகுதான் உறைத்தது, பஸ் நின்றிருக்கிறது.

வெயில் பளீரென்று அடித்தது. ரோடு புதுத் தாரில் மினுங்கியது. நான்கு ஜீப்புகள் ஆளுக்காகக் காத்துக் கிடந்தன. டீக்கடையில் கடைக்காரர் சகாயம் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க பஸ் நிக்குமோ?"

"நீங்க எதுல வந்தீக?"

"யானை?"

"அது அந்தப் பக்கத்து மலையில கெடக்கும் சார். பஸ்ஸுக்கு வராது."

கிருஷ்ணபிரசாத் பெஞ்சில் சரிந்தார். முதலில் எழுதியதே சரி. பாலக்காட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி உண்மையை எழுதி, தன் கையாலேயே அழித்திருக்கிறார். அழுகை வந்தது. நேரம் இல்லாததால் எழுதினார்.

'பஸ் நின்றது. மேகலா ஏறினாள். முற்றும்.'

பெஞ்சின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைத்தது. நின்றார். மூன்று மணிக்குக் கதை போய்ச் சேர்ந்தது. அந்த நிமிடமே ஓர் இதயக்குறி விழுந்தது.

மூன்றேகால் பஸ் வந்தது. மேலே லயத்திலிருந்து, இருபத்து மூன்று வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் பெரிய பையுமாக ஓட்டமும் நடையுமாய் இறங்கி வந்தாள். படியில் பை சிக்கியது. கதையை முடித்த பெருந்தன்மையில் கிருஷ்ணபிரசாத் எழுந்து போய், பையைத் தூக்கி உள்ளே கொடுத்தார்.

"தேங்க்ஸ் சார்," என்றாள். பஸ் போனது.

திரும்பி வந்து சகாயத்திடம் கைப்பேசியை நீட்டினார். "பாருங்கோ. மேகலான்னு என் கதை. மலைமகன்னு ஒருத்தன் ஒரு மாசமா அவளை பஸ் ஏறவிடாமப் பொய் எழுதிண்டே இருக்கான். அவனுக்கு என் மேல என்ன விரோதம்?"

சகாயம் பஸ் மறைந்த திசையைப் பார்த்துக்கொண்டே டீ ஆற்றினார்.

"விரோதமெல்லாம் இல்ல சார். ஜீப்பு ஓட்டுற அழகுமலை அவரு, இந்தப் பெஞ்சுலதான் உக்காந்து எழுதுவாரு. போகாதன்னு மககிட்ட கேக்கப் பயந்துக்கிட்டு உங்ககிட்ட கேட்டிருக்காரு. 'மேகலா என்னைக்கு பஸ் ஏறுதாளோ அன்னைக்கு நானும் ஏறிருவேன்'னு கூட்டாளிகிட்ட சொல்லி வச்சிருந்துச்சாம் புள்ள, அது இவரு காதுல விழுந்துருச்சு. இப்ப நீங்க பை தூக்கிக் குடுத்தீகளே, அதுதான் அந்தப் புள்ள."