சந்தேகம் தீரும் வரை சாவி இல்லை

பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி என்றால் சும்மாவா? டப்பா மூடி சரியில்லை என்றால் மிஷினை நிறுத்துவார். சரியாக இருந்தால், "இவ்வளவு சரியா இருக்கே, எப்படி?" என்று சந்தேகப்பட்டு நிறுத்துவார். அவர் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விபத்துகூட நடந்ததில்லை. உற்பத்தியும் நடக்கவில்லை என்று முதலாளி புலம்புவார், அது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் மனைவி டிரைவிங் லைசென்ஸோடு வந்து நின்றாள். அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அவருக்கோ தொழிற்சாலை பஸ் வாசலுக்கே வரும். அதில் ஏறினால் கௌரவம் என்னாவது என்று தினமும் காரில் போவார்.

"நாளையிலேருந்து காரை நான் எடுத்துக்கறேங்க."

"விபத்து நடக்காதுன்னு நிரூபிக்க முடியுமா?"

"அதை எப்படிங்க நிரூபிக்கிறது?"

"அப்ப சாவி கிடையாது. ஆபத்து இருக்குன்னு ஆதாரம் தேவையில்லை. இல்லைங்கறதுக்குத்தான் ஆதாரம் வேணும். சந்தேகம் தீர்ற வரைக்கும் தள்ளி வை. விஞ்ஞானிங்களே ஒத்துக்கிட்ட கொள்கை."

எந்த விஞ்ஞானி என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை, அவருக்கும் தெரியாது.

"டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டேனே?"

"அது மைதானத்துல. ரோட்டுல நீ எப்படின்னு யாருக்குத் தெரியும்?"

"ஓட்டினாத்தானேங்க தெரியும்?"

"தெரியாம எப்படி ஓட்ட விடுறது?"

அவள் சண்டை போடவில்லை. விவரமான புருஷன் அங்கேயே சாவியை எடுத்துக் கொடுத்திருப்பான். இவர் அதிகாரி ஆயிற்றே, மீசையைத் தடவிக்கொண்டார்.

"அருமையான கொள்கைங்க. எல்லாருக்கும் பொருந்துமா?"

"முதலாளிக்கே பொருந்தும்."

"போன வாரம் கண் டாக்டர் என்ன சொன்னாரு?"

கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"புரை விழுற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு, ஆறு மாசம் போனாத்தான் தெரியும்னாரு. பக்கத்துல நானும்தான் உட்கார்ந்திருந்தேன்."

"ஓட்டக் கூடாதுன்னு சொல்லலையே?"

"ஓட்டலாம்னும் சொல்லலையே."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"அது உங்க அபிப்பிராயம். நான் கேக்கறது ஆதாரம்."

"சரி, யாருமே ஓட்ட வேண்டாம். கார் நிக்கட்டும்."

"நான் பஸ் படியில தொங்கிக்கிட்டே போகட்டும், இல்லையா? இத்தனை வருஷமா தொங்கறேனே, அதுல ஆபத்து இல்லைன்னு என்னிக்காவது நிரூபிச்சீங்களா?" சாவிக்காகக் கையை நீட்டினாள்.

சாவி கை மாறியது.

பாதுகாப்பு அதிகாரி தொழிற்சாலை பஸ்ஸில் போக ஆரம்பித்தார். அவர் மிஷினை நிறுத்தியதால் வேலை கெட்ட அத்தனை பேரும் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஆறு மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தார். அப்புறம் டாக்டரைப் பார்த்துவிட்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தார்.

"புரையும் இல்லை, மண்ணும் இல்லையாம். எடு சாவியை."

"ரொம்ப சந்தோஷங்க. கண்ணு விஷயத்துல சந்தேகம் தீர்ந்துச்சு. காது?"

"காதுக்கு என்ன?"

"நேத்து பாத்திரம் தேய்க்க வாங்கன்னு சமையலறையிலேருந்து நாலு தடவை கூப்பிட்டேன். நீங்க அசையவே இல்லை. ஹாரன் சத்தம் கேக்கலைன்னா?"

"காது நல்லாத்தான் இருக்கு."

"அப்படின்னா, நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

கேட்டது என்றால் பாத்திரம், கேட்கவில்லை என்றால் சாவி போச்சு. பாதுகாப்பு அதிகாரி இரண்டில் ஆபத்து குறைந்தது எதுவோ அதைத் தேர்ந்தெடுத்து, காது டாக்டருக்குப் போன் போட்டார்.