மேட்டில் வெண்ணெய், இறக்கத்தில் கல்

"இப்ப மிதிங்கண்ணே," என்றான் கஜேந்திரன், வேனுக்கு அடியிலிருந்து.

சோலைமலை பிரேக்கை மிதித்தார். வெண்ணெயில் கால் வைத்ததுபோல் இறங்கியது.

"நல்லாத்தானே இருக்கு?"

"ஒன் கராஜுல நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க வீட்டு எறக்கத்துலதான் கல்லாயிருது."

கஜேந்திரன் வெளியே வந்து கையைத் துடைத்தான். "எஞ்சின் ஓடுறப்ப ஒரு காத்து இழுப்பு வரும். அதுதான் பெடல லேசாக்குது. அது எங்கயோ கசியுது போல."

குழாயை மாற்றினான். மறுநாளும் கல். பம்பை மாற்றினான். கல். அந்த இழுப்பால் பெடலை லேசாக்கும் பூஸ்டரையே கழற்றிவிட்டு, உடைத்த வண்டி ஒன்றிலிருந்து எடுத்ததைப் பூட்டினான். இப்போது மிதித்தால் பாம்புபோலச் சீறியது. இறக்கத்தில் கல்லாகவும் இருந்தது.

சோலைமலைக்கு மறைத்துப் பேசத் தெரியாது. டயகமவில் வேனில் ஏறிய பயணிகளிடமெல்லாம் கேட்டார். "நம்ம வண்டிக்கு பிரேக்கு புடிக்க மாட்டேங்குது. என்னான்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அடுத்த நாள் எல்லோரும் பஸ்ஸில் போனார்கள்.

முன்பெல்லாம் இறக்கத்தின் மேலே கடைசி ஆளை இறக்கிவிட்ட பிறகுதான் அவர் தனியாவார். இப்போது காலையிலிருந்தே தனி. பின் சீட்டு கிறீச்சிட்டால், யாரோ இருப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"வித்துருங்கண்ணே," என்றான் கஜேந்திரன் கடைசியில். "இதுல ஏதோ காத்துக் கருப்பு இருக்கு. நாளைக்குப் பழைய இரும்புக்காரர வரச் சொல்றேன்."

ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்குப் போன சோலைமலையின் மனைவி ஜெயலெட்சுமி அடுத்த வாரம் வருகிறாள். அவளை அழைக்க அட்டன் ஸ்டேஷனுக்கு வேனோடு வருவதாக இவர் சொல்லியிருந்தார்.

அன்று மாலை, தன் அண்ணன் வீட்டுக்குப் போகும் நாகலெட்சுமி மட்டும் வேனில் ஏறினாள். இறக்கத்தின் அடிவரை வருவதாகச் சொன்னாள்.

"பிரேக்கு சரியில்ல தங்கச்சி. சொல்லிட்டேன்."

"பஸ்ஸ மட்டும் சாமியா ஓட்டுது? விடுங்கண்ணே."

இறக்கம் தொடங்கியதும் தினமும்போல் போன் அடித்தது. அந்தச் சரிவில்தான் சிக்னல் கிடைக்கும். ஜெயலெட்சுமிக்கும் அந்த நேரந்தான் ஓய்வு.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"பொய் சொல்லாதீங்க. நம்ம வேன் நல்லா இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு."

ஓடைச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவள் குரல் கேட்டது. வேன் அமைதியாக உருண்டு இறங்கியது. பிறகு சிக்னல் அறுந்தது.

வளைவு வந்தது. முதல் மிதி இறங்கியது. அடுத்தது பாதி. அதற்கடுத்தது கல். இரண்டு கால்களாலும் ஏறி மிதித்து, தேயிலைச் செடிகளில் உரசி நிறுத்தினார்.

"பாத்தியா தங்கச்சி? தெனமும் இதே எடம்." சோலைமலை ஸ்டியரிங்கைத் தட்டினார். "அவளுக்கு என்னா பதில் சொல்றது? நாளைக்கு இரும்புக்குப் போயிரும்."

நாகலெட்சுமி சரிந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடி, அண்ணிகிட்ட பேசுறதுக்காக அணைச்ச எஞ்சின ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிட்டு மிதிச்சுப் பாருங்கண்ணே."