மஞ்சக்கருவை ஓட்டுவது யார்?

“உங்க வீட்டம்மா ரொம்ப நிதானமா ஓட்டறாங்க. நேத்து மாடி ஜன்னல்லேருந்து பார்த்தேன்” என்றார் பல் டாக்டர்.

பல்செட்காரர் கையிலிருந்த மெழுகுக் கத்தியை மேஜைமேல் வைத்தார்.

“அவ ஓட்டல டாக்டர். நான்தான் ஓட்டினேன்.”

“நீங்க இடப்பக்கம் இல்ல உட்கார்ந்திருந்தீங்க?”

“இடப்பக்கம்தான் டாக்டர் ஸ்டீரிங். வெளிநாட்டு வண்டி. எல்லாம் தலைகீழ்.”

டாக்டர் சிரித்தார். நம்பாதவர் மரியாதைக்காகச் சிரிக்கும் சிரிப்பு. பல் பிடுங்கும்போது வலிக்கவே வலிக்காது என்று சொல்லிவிட்டு அவர் சிரிப்பதும் இப்படித்தான்.

“அதான் யோசிக்கிறேன். அடுத்த மாசம் புது கிளை திறக்கிறோம். அங்க லேபுக்கு உங்களைப் போடணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா தினமும் ரெண்டு தடவை பல் அச்செல்லாம் இங்கேயும் அங்கேயும் எடுத்துட்டுப் போகணும். பஸ்ல கொண்டுபோனா உடைஞ்சிடும். அதுக்காக வீட்டம்மாவ தினமும் தொந்தரவு பண்ண முடியுமா? நம்ம முன்பல்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியுமாமே?”

அடுத்த மேஜையில் முன்வரிசைப் பற்களை மட்டும் செய்யும் முன்பல்காரர், காதில் விழாதவர்போல ஒரு கோரைப்பல்லை ஊதி ஊதித் தூசி தட்டினார்.

பல்செட்காரர் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு நாளைக்குப் பத்து தடவை நிறமாதிரிப் பட்டையைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கட்டுக்கு ஓடுவார். புதுக் கிளையின் லேபில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னலாம். உட்கார்ந்த இடத்திலேயே வெளிச்சம். அதை நினைத்துக்கொண்டே மூன்று வாரமாகச் சோறு தின்றவர் அவர்.

அதை முன்பல்காரருக்கு விட்டுக்கொடுப்பதா?

எல்லாவற்றுக்கும் காரணம் மஞ்சக்கரு.

ஐம்பது வயதான குட்டிக் கார் அது. முட்டையின் மஞ்சள் கரு நிறம். இரண்டே கதவு. திடுக்கிட்டு விழித்த மாதிரி இரண்டு உருண்டை விளக்கு. கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் ஆசையாக இறக்கிக்கொண்டுவந்து, இடுப்புவலி வந்ததும் மூன்று மாசம் முன்பு பல்செட்காரரிடம் விற்றுவிட்டார். வண்டி வாசலில் வந்து நின்ற அன்று பல்செட்காரரின் மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கேட்டார்.

“என்னங்க, இதுக்குள்ள நாம உட்காரணுமா, இல்ல இதை நம்ம மேல மாட்டிக்கணுமா?”

ஆனாலும் பல்செட்காரர் அதைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். உதிரிப் பாகம் ஒன்று கடல் தாண்டி வர ஆறு வாரம் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியுமா? கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளைப் பல்லிடுக்குத் தூரிகையால் சுத்தம் செய்தார். பல்செட்டுக்குப் பளபளப்பு ஏற்றும் பொடியால் பம்பரைத் தேய்த்தார். கியர்க் கம்பியின் குமிழ் உடைந்தபோது, ஈறு செய்யும் பசையிலேயே புதுக் குமிழ் வார்த்து மாட்டினார். பார்க்க ஆரோக்கியமான ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. முதல் நாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மனைவி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்ததுதான் ஒரே சங்கடம். ஊரில் மற்ற எல்லா வண்டிக்கும் அது வலப்பக்கம். அதனால் வலப்பக்கம் உட்கார்ந்த மனைவிதான் எல்லார் கண்ணுக்கும் ஓட்டுநர். அவர் காரில் ஏறிய நாளிலிருந்து தெருவில் அவருக்கு மதிப்பே தனியாகிவிட்டது. காலையில் மஞ்சக்கரு கிளம்பும் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து பூத்தொட்டிகளை உள்ளே நகர்த்துவாள்.

“சூப்பர்க்கா! அசத்தறீங்க!” என்று கட்டைவிரலைக் காட்டுவாள்.

மனைவி அடக்கமாகத் தலையசைப்பார்.

“நீ ஏண்டி தலையாட்டறே?” என்பார் பல்செட்காரர்.

“சும்மா சிரிக்கிறவங்ககிட்ட மூஞ்சியைத் திருப்பவா சொல்றீங்க? ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க!”

நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர் இன்னும் ஒரு படி மேல். மஞ்சக்கருவைத் தூரத்தில் பார்த்ததுமே இரண்டு கையையும் விரித்து நாலு பக்கப் போக்குவரத்தையும் நிறுத்திவிடுவார். பஸ், லாரி எல்லாம் மூச்சுவிடாமல் நிற்கும். மஞ்சக்கரு ஒரு குலுக்கு, ஒரு தாவல், ஒரு மூச்சடைப்பு, மறுபடி ஒரு குலுக்கு என்று தன் பாணியில் கடந்துபோகும்.

“பழைய வண்டிக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தியா?” என்பார் பல்செட்காரர்.

மனைவி கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

டாக்டர் பேசிய அன்று சாயங்காலம் பல்செட்காரர் நேராக மெக்கானிக்கிடம் போனார்.

“ஸ்டீரிங்கை வலப்பக்கம் மாத்தணும்.”

மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், மூக்கைக் கொண்டுபோய் முதுகுல வைன்னா வைக்கலாமா? வெச்சா மூச்சு விடறது யாரு?”

“வேற வழியே இல்லையா?”

“அக்காவ ஏத்தாம ஓட்டுங்க.”

அது நடக்காது. மனைவி வேலை பார்க்கும் தையல் நிலையம் போகிற வழியில்தான் இருக்கிறது.

இரவு வீட்டில் பேச்சு வந்தது.

“ஊரு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்ங்க. அதுல எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. உங்களுக்கும் அதுதான் நல்லது” என்றார் மனைவி.

“எனக்கு என்ன நல்லது? வேலை போகுதுடி! ஜன்னல் போகுது!”

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்.

மறுநாள் பல்செட்காரர் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டினார்: “ஓட்டுபவர் இடப்பக்கம் இருக்கிறார்.”

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

இரண்டு நாளில் முன்பல்காரர் மேஜைமேல் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

“ஆனாலும் உங்களுக்குப் பெரிய மனசு அண்ணே. அண்ணிதான் ஓட்டறாங்கன்னு எழுதியே ஒட்டிட்டீங்களே! டாக்டர்கூடப் பார்த்துட்டுப் பாராட்டினாரு.”

“யோவ், இடப்பக்கம்னுதானே எழுதியிருக்கேன்?”

“ஆமா. எதிர்ல நின்னு படிச்சா இடப்பக்கம் அண்ணிதானே இருக்காங்க?”

பல்செட்காரர் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பல் தொழிலில் இடது என்றால் எப்போதும் நோயாளியின் இடதுதான், எதிரே நின்று பார்ப்பவரின் இடது கிடையாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் காரையும் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் நோயாளியாக நினைத்து எழுதித் தொலைத்திருக்கிறார்.

அட்டையைக் கிழித்தார். அடுத்து மனைவியைப் பின்சீட்டுக்கு மாற்றினார்.

“முழங்காலை எங்கங்க வைக்கிறது?”

“மடியில வெச்சுக்கோ.”

“என் மடியிலேயா, உங்க மடியிலேயா?”

ஆனால் அவர் பின்னால் போனதும் விஷயம் இன்னும் மோசமானது. வலப்பக்க இருக்கை காலி. எதிரே வந்தவர்களுக்கு ஓட்டுநரே இல்லாத கார் ஒன்று குலுங்கிக் குலுங்கி வருவது தெரிந்தது. பால் கொண்டுவரும் ஆள் சைக்கிளோடு நடைபாதையில் ஏறி நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் “கல்லைப் போடு! சக்கரத்துக்குக் கல்லைப் போடு!” என்று கத்திக்கொண்டே கூட ஓடிவந்தார்.

அன்று டாக்டர் மாடியிலிருந்து மூச்சிரைக்க இறங்கிவந்தார்.

“பிரேக் விட்டுப்போச்சா? யாருமே இல்லாம வண்டி உருண்டு வருது, நீங்க அசையாம உட்கார்ந்திருக்கீங்க! கதவைத் திறந்து குதிச்சிருக்க வேண்டாமா?”

“நான்தான் டாக்டர் ஓட்டிட்டு வந்தேன்.”

“பாவம், அதிர்ச்சி. தண்ணி குடிங்க” என்றார் டாக்டர்.

காலியாகத் தெரிவதுதானே பிரச்சினை என்று பல்செட்காரர் கணக்குப் போட்டார். லேபிலிருந்து பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் பொடி மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து வலப்பக்க இருக்கையில் சாய்த்து, சரியாமல் இருக்கப் பெல்ட்டும் மாட்டினார். மூட்டை மேலே கொஞ்சம் வெயில் படாமல் இருக்கட்டும் என்று மனைவி தன் பழைய துணித்தொப்பியை அதன் தலையில் கவிழ்த்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

அன்று மத்தியானம் டாக்டர் கேட்டார்:

“புது டிரைவர் வெச்சிருக்கீங்க போல? ஆள் கொஞ்சம் குண்டு. ஆனா வீட்டம்மா அளவுக்கு வராது. பின்னாடி உட்கார்ந்து அவங்க எவ்வளவு பதறினாங்க, பார்த்தேன்.”

முன்பல்காரர் சிரிப்பை அடக்க இரண்டு கோரைப்பற்களைத் தரையில் போட்டுத் தேடினார்.

பல்செட்காரர் எழுந்தார். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாழ்க்கையில் அவர் டாக்டரிடம் குரல் உயர்த்தியதே இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“டாக்டர், ஒரே ஒரு தடவை என்கூட வண்டியில வாங்க. புதுக் கிளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அதுக்கப்புறமும் நான் ஓட்டலன்னு சொன்னீங்கன்னா ஜன்னலைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்.”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் கண்களைப் பார்த்தார். “சரி, வாங்க” என்றார்.

மூட்டையை இறக்கிவிட்டு டாக்டர் வலப்பக்கம் ஏறினார். நெடிய மனிதர். முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட்டன. எதிரே ஸ்டீரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாததைத் தடவிப் பார்த்தார். இடப்பக்கம் அது இருப்பதையும், அதைப் பல்செட்காரர் இரண்டு கையாலும் பிடித்திருப்பதையும் பார்த்தார்.

“அட! நிஜமாவே அந்தப் பக்கம்தான்!”

“அதைத்தானே டாக்டர் இத்தனை நாளா சொல்றேன்!”

மஞ்சக்கரு ஒரு தாவு தாவியது. டாக்டரின் தலை கூரையில் இடித்தது.

“இது...”

“பழைய வண்டி டாக்டர். இதுக்குன்னு ஒரு நடை இருக்கு. பழகிடும்.”

“அப்படியா? எனக்குப் பழைய வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது” என்றார் டாக்டர், பெருந்தன்மையோடு. கடைத்தெருவில் ஒரு முறை வண்டி முன்னே போவதற்குப் பதில் பின்னே போனது. அதுவும் பழைய வண்டியின் நடைதான் என்று எடுத்துக்கொண்டு, ஈறு நிறக் குமிழைப் பார்த்து, “வேலைப்பாடு பிரமாதம்” என்றார்.

நாற்சந்தி நெருங்கும்போது அவர் மனம் தீர்மானத்துக்கு வந்துவிட்டது.

“என்னை மன்னிச்சுக்குங்க. நீங்க சொன்னதை நம்பியிருக்கணும். அடுத்த மாசத்துலேருந்து புது லேப் உங்களோடது. ஜன்னல் பக்கத்துல எந்த மேஜை வேணும்னு இன்னிக்கே சொல்லிடுங்க.”

பல்செட்காரருக்குத் தொண்டை அடைத்தது. அதே நேரம் மஞ்சக்கருவுக்கும் அடைத்தது. நாற்சந்தியின் நட்டநடுவில் வண்டி நின்றுபோனது.

வழக்கம்போல நாலு பக்கமும் போக்குவரத்து உறைந்து நின்றது. போலீஸ்காரர் தன் இடத்தை விட்டு இறங்கி, கனிவான முகத்தோடு டாக்டர் பக்கம் வந்து குனிந்தார்.

“பதறாதீங்க சார். மெதுவா எடுங்க. எல்லாரும் நிக்கிறாங்க, ஒண்ணும் அவசரமில்ல.”

“நான் ஓட்டல சார், இவர்தான் ஓட்டறார்” என்று டாக்டர் கையைக் காட்டினார்.

பல்செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு சாட்சி தானாக வந்து குனிந்து நிற்கும்போது விடலாமா?

“டாக்டர் காதுபடச் சொல்றேன், நீங்களே கேட்டுக்குங்க சார்! இன்னிக்கு மட்டுமில்ல, மூணு மாசமா தினமும் இந்த வண்டியை ஓட்டறது நான்தான். என் சம்சாரம் ஸ்டீரிங்கைத் தொட்டதுகூட இல்ல!”

போலீஸ்காரர் அவரைப் பார்த்தார். ஸ்டீரிங்கைப் பார்த்தார். நாலு பக்கமும் காத்துநின்ற பஸ்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கனிவு மெல்ல வடிந்தது.

“அடக் கடவுளே! பாவம், அந்தம்மா இப்பதான் வண்டி ஓட்டக் கத்துக்கறாங்கன்னு நினைச்சுல்ல சார் மூணு மாசமா ஊரையே நிறுத்தி வெச்சேன்!”