விட்லாக்கின் முழங்கால்

"முழங்கால் போச்சாம்! முட்டி அப்படியே கழண்டு வந்துடுச்சாம்!" என்று ஃபோனில் கத்தினேன். "விட்லாக் இந்த வருஷம் ஓடவே மாட்டான். யார்கிட்டயும் சொல்லிடாத, செஸ்டர்!"

துணி துவைக்கும் அறையிலிருந்து என் மனைவி டோரீன் எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்ட பேசுற?"

"செஸ்டர்கிட்ட."

"செஸ்டர் இங்கதான் நிக்கிறார். ஏணி கேட்டு வந்திருக்கார்."

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்து வீட்டு செஸ்டர் கையசைத்தார். ஃபோனைக் கீழே வைத்தேன். மறுமுனையில் யாரும் இல்லாததால் விடைபெற வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் தெருவில் யாரும் உண்மை பேசுவதில்லை. மாதக் கடைசியில் செஸ்டரின் கராஜில் கூடி, அமெரிக்கக் கால்பந்தின் நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கொருவராக முறைவைத்துத் தேர்ந்தெடுப்போம். ஒருவர் எடுத்த ஆள் இன்னொருவருக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவன் சம்பாதிக்கும் புள்ளிகள் நம் கணக்கில் சேரும். எங்கள் வீட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. எங்கள் இருவரில் ஜெயிப்பவருக்கு டிவி முன்னால் இருக்கும் சாய்வு நாற்காலி. தோற்பவருக்கு மடக்கு நாற்காலி, இரும்பு. போன வருஷம் தோற்றது நான். எங்கள் ஊரான பஃபலோவின் குளிர்காலம் நீளமானது. இரும்பில் உட்கார்ந்தால் இன்னும் நீளும்.

இந்த முறை சீட்டுக் குலுக்கியதில் முதல் தேர்வு டோரீனுக்கு, இரண்டாவது எனக்கு. எனக்கு விட்லாக் வேண்டும். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் ஓடினால், எதிரில் நிற்பவர்கள் திரைச்சீலை மாதிரி விலகுவார்கள். டோரீன் அவனைத் தொடாமலிருக்க வேறொருவனைப் புகழ்வது என்று முடிவெடுத்தேன். பந்து வீசும் டெனெகர் அகப்பட்டான்.

காலைக் காப்பியில் டெனெகர். ராத்திரிச் சாப்பாட்டில் டெனெகர். "அந்தக் கையைப் பாரு. அது கையே இல்ல, பீரங்கி."

"அப்படியா?" என்பாள் டோரீன், உருளைக்கிழங்கைத் தோலுரித்தபடி.

செஸ்டருக்குச் சிரிப்பு. "பெரிய கிளப்காரங்களே ஆள் எடுக்கிற டிராஃப்டுக்கு முன்னாடி இப்படித்தான் புளுகுறாங்க, ஆர்வில். யாராவது ஏமாந்ததாக் கேள்விப்பட்டிருக்கியா?"

"ஏமாந்தவன் வெளிய சொல்வானா?"

புளுகுக்கு ஆதாரம் வேண்டாமா? டெனெகரின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். பையன் பிரமாதமாக வீசினான். இன்னும் கொஞ்சம் பார்த்தேன். உண்மையிலேயே பீரங்கிதான்.

கராஜில் எல்லோரும் கூடினோம். ஒவ்வொரு தேர்வுக்கும் நேரக் கணக்கு உண்டு; செஸ்டர் கடிகாரத்தை ஓடவிட்டார். டோரீன் நிதானமாக எழுந்தாள்.

"டெனெகரை எடுக்கலாம்னு இருக்கேன்."

என் திட்டம் பலித்த கணம் அது. எனக்கு வேண்டியது டெனெகர்தான் என்று தெரிந்ததும் அப்போதுதான்.

"இரு, இரு! முறையை மாத்திக்கலாம். முதல் தேர்வை எனக்குக் குடு."

"பதிலுக்கு என்ன தருவ?"

வீட்டிலுள்ள எதையும் பேரத்தில் வைக்கலாம் என்பது தெருவின் வழக்கம். போன வருஷம் ஒருவர் பனி அள்ளும் இயந்திரத்தையே வைத்தார்.

"பாத்திரம் கழுவுறேன்."

"இப்பவும் நீதானே கழுவுற?"

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சாய்வு நாற்காலி!" என்றேன். "யார் ஜெயிச்சாலும் சரி, இந்த வருஷம் உனக்கே!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் டோரீன். தெருவே கேட்டிருந்தது.

நான் டெனெகரை எடுத்தேன். அடுத்த மூச்சில் டோரீன், "விட்லாக்," என்றாள்.

"அவனுக்கு முழங்கால் போச்சே!"

"ஃப்ரிட்ஜுல இருக்கிற கேக் கெட்டுப்போச்சுன்னு நீ சொன்னா என்ன அர்த்தம்? மிச்சத்தை நீ திங்கப்போறன்னு அர்த்தம். நீ ஒருத்தனுக்கு முட்டி போச்சுன்னு சொன்னா, அவன்தான் நல்லா ஓடுறவன்."

"அப்ப டெனெகரை எதுக்குக் கேட்ட?"

"நான் எங்க கேட்டேன்? எடுக்கலாம்னு இருக்கேன்னுதான் சொன்னேன். உன் முகத்தைப் பாத்தேன், பாவமா இருந்துச்சு."

செஸ்டர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "ஆர்வில், ஒரு சந்தேகம். நாற்காலியை ஜெயிக்கத்தானே முதல் தேர்வு கேட்ட? அந்த நாற்காலியைக் குடுத்தா அதை வாங்கின?"

நான் கராஜின் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

முதல் ஞாயிறு. டெனெகர் பீரங்கியாகவே வீசினான். விட்லாக்கும் குறை வைக்கவில்லை என்றாலும் என் கணக்கு டோரீனுடையதைத் தாண்டிவிட்டது. தெருவிலேயே நான்தான் முன்னணி. என் புளுகில் பொய்யே இல்லை என்பதில் எனக்குப் பெருமைதான். இரும்பு நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து கைதட்டினேன்.

டோரீன் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை உருவி என் பக்கம் நீட்டினாள். வாங்கி, இரும்பின் மேல் போட்டுக்கொண்டேன்.